தேங்கிய தண்ணீரில் கொசுவை ஒழிப்பது எப்படி: மொட்டை மாடி முதல் சாக்கடை வரை

ஐப்பசி மழை நான்கு நாள் பெய்து ஓய்ந்ததும் எல்லாத் தெருவிலும் ஒரே குரல்தான்: "புகை அடிக்க வரச் சொல்லுங்க." புகை அடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது, மூக்கில் ஏறுகிறது, ஏதோ நடந்துவிட்ட திருப்தியும் கிடைக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும்தான் புகை கொல்லும். தண்ணீருக்குள் நெளியும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மறுநாள் காலை புதுக் கொசு வந்துவிடும். டெங்கு பரவிக்கொண்டிருக்கும் தெருவில், கிருமியைச் சுமக்கும் கொசுவை அவசரமாகக் குறைக்கப் புகை வேண்டும்தான். மற்ற நாட்களில் வேலை நடக்க வேண்டிய இடம் தண்ணீர்.

தண்ணீர் என்றதும் நேரே மருந்து வாங்கப் போய்விடுகிறார்கள். மருந்து கடைசி வேலை. கொட்ட முடிந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட முடியாததை மூட வேண்டும். மூடவும் முடியாததில் மீன் விடலாம். இந்த மூன்றுக்கும் வழியில்லாத தண்ணீருக்குத்தான் மருந்து, அதிலும் அந்தத் தண்ணீருக்குப் பொருந்தும் மருந்து. வரிசையை மாற்றினால் காசுதான் போகும், கொசு போகாது. தமிழ்நாட்டு நகரத்து வீடுகளையும் அடுக்குமாடிகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வயல்வெளிக்குத் தனியாக ஒரு பத்தி உண்டு.

எந்தக் கொசு என்று முதலில் தெரிய வேண்டும்

எப்போது கடிக்கிறது என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் காலைச் சுற்றிக் கடித்தால் அது பெரும்பாலும் ஏடிஸ். கருப்பு உடல், கால்களில் வெள்ளை வளையம். டெங்குவும் சிக்குன்குனியாவும் இதன் வழியே வருகின்றன. இது சாக்கடைக் கொசு அல்ல. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் பாத்திரங்களில் நிற்கும் ஓரளவு சுத்தமான தண்ணீரில்தான் பெருகும். பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். அதாவது உங்களைப் பகலில் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்தது.

இரவு முழுக்கக் காதருகே ரீங்காரமிடுவது கியூலெக்ஸ். சாக்கடை, செப்டிக் டேங்க், கழிவு தேங்கிய காலி மனை, கூவம் மாதிரிக் கழிவு தேங்கும் ஆறு, கால்வாய் எல்லாம் இதன் இடம். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். இது கிலோமீட்டர் கணக்கில் பறந்து வரும். அதனால் உங்கள் வீட்டை மட்டும் சுத்தம் செய்து இதை ஒழிக்க முடியாது.

மூன்றாவது, அனாபிலஸ். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சிக்கு மூடாத மேல்நிலைத் தொட்டியும் கிணறும் மிகவும் பிடித்தவை. சென்னையில் மலேரியா என்றால் மாடித் தொட்டியையும் கிணற்றையும் முதலில் பார்ப்பது இதனால்தான்.

புழுவை வைத்தும் அடையாளம் காணலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு அசையாமல் வைத்துப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாபிலஸ். தலைகீழாகச் சாய்ந்து, வாலில் நீளமான மூச்சுக் குழாயோடு தொங்கினால் கியூலெக்ஸ். கிட்டத்தட்ட நேராகத் தொங்கி, மூச்சுக் குழாய் குட்டையாக இருந்தால் ஏடிஸ். நிழல் பட்டால் எல்லாமே அடிக்கு ஓடும். ஏடிஸ் கீழேயே ரொம்ப நேரம் தங்கும் என்பதால், தொட்டியை எட்டிப் பார்த்த உடனே "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஏழு நாள் கணக்கு

நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். முட்டையிலிருந்து புழு வரும். புழு நான்கு முறை தோல் உரிக்கும். பிறகு காற்புள்ளி வடிவில் சுருண்ட கூட்டுப்புழுவாகி, இரண்டு நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டச் சொல்வது இந்தக் கணக்கில்தான். பத்து நாளுக்கு ஒருமுறை என்று தளர்த்தினால் ஒரு தலைமுறை தப்பிவிடும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கமுள்ள வீட்டில் இதற்கென்று தனி நாள் குறிக்கவே வேண்டாம்.

கூட்டுப்புழுவைப் பற்றி ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது எதையும் தின்னாது. தின்றால் மட்டும் கொல்லும் மருந்து அதைக் கொல்லாது. மருந்து போட்ட பிறகும் கொசு வருகிறது என்ற புகாரில் ஒரு பங்குக்கு இதுதான் காரணம்.

படி 1: சுற்றிப் பார்ப்பது

ஒரு டார்ச், ஒரு வெள்ளை மக், ஒரு பழைய டீ வடிகட்டி போதும். மொட்டை மாடியில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். மாடியில் தொட்டி மூடி, தொட்டியின் வழிதல் குழாய், மழைநீர் போகும் ஓட்டையில் அடைத்த இலைச் சருகு, கட்டட வேலை முடிந்தும் தூக்கிப் போடாமல் விட்ட பெயிண்ட் டப்பா, தார்ப்பாய் மடிப்பு. சன்ஷேடு மேல் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மேல் வீட்டு ஏசி தண்ணீர் சொட்டிச் சொட்டி அங்கே குட்டையே கட்டியிருக்கும்.

வீட்டுக்குள் எல்லோரும் விட்டுவிடும் இடம் ஃபிரிட்ஜின் பின்பக்கத்து டிரே. வெளியே இழுக்காமல் அது தெரியவே தெரியாது. அப்புறம் ஏர் கூலர், ஏசி தண்ணீர் பிடிக்கும் வாளி, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, பாட்டிலில் வளர்க்கும் மணி பிளான்ட், வரவேற்பறையில் பூ மிதக்கும் உருளி, எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் காலுக்கு அடியில் வைத்த கிண்ணம், விருந்தாளி வந்தால் மட்டும் புழங்கும் கழிவறையின் ஃபிளஷ் தொட்டி.

வெளியே சம்ப், தண்ணீர் மீட்டர் குழி, செப்டிக் டேங்க் மூடி, அதன் காற்றுக் குழாய், லிஃப்ட் குழி, மழைநீர் சேகரிப்புத் தொட்டி, யாரும் அரைக்காத ஆட்டுக்கல், உரல், தேங்காய்ச் சிரட்டை, இளநீர்க் கூடு, டயர். பஞ்சர் கடை வாசலில் அடுக்கிய டயர்கள் ஒரு தெருவுக்கே போதுமான ஏடிஸைத் தரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் டயருக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். கூரைக்கு அடியில் அடுக்க வேண்டும், அல்லது ஓட்டை போட வேண்டும்.

அடுக்குமாடிச் சங்கத்தார் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பார்த்த வீடுகளில் புழு இருந்த பாத்திரங்கள் எத்தனை என்று எண்ணி, நூறு வீட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் டெங்கு பரவ ஏற்ற நிலைமை என்று பொதுச் சுகாதாரத் துறையினர் கணக்கிடுகிறார்கள். "எங்கள் பிளாக்கில் கொசு அதிகம்" என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவதைவிட ஒரு எண்ணைச் சொன்னால் எடுபடும்.

படி 2: கொட்டுவது, தேய்ப்பது

கொட்டுவது மட்டும் போதாது. ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் இடாமல் நாலைந்து பாத்திரங்களில் பிரித்து இடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டிரம்மைக் கவிழ்த்து வெயிலில் வைத்து, அடுத்த மாதம் மறுபடி தண்ணீர் நிரப்பினால் பொரிந்துவிடும். லாரித் தண்ணீரை நம்பும் தெருக்களில் கோடையிலேயே டெங்கு தலைகாட்டுவதில் இதற்கும் பங்கு உண்டு. பற்றாக்குறைக்குப் பயந்து டிரம் டிரம்மாகப் பிடித்து வைப்போம், உள்சுவரைத் தேய்க்கத் தண்ணீரைச் செலவழிக்க மனம் வராது.

எனவே டிரம், குடம், சிமெண்ட் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை காலி செய்து, தேங்காய் நாரோ கம்பி பிரஷோ கொண்டு உள்சுவரை, முக்கியமாக நீர் நின்ற கோட்டை, அழுத்தித் தேய்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துச் சுவரில் பூசி, கால் மணி நேரம் விட்டுக் கழுவினால் இன்னும் நல்லது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். புழுக்கள் அங்கேயும் பிழைத்துக்கொள்ளும். வெயில் படும் மண்தரையில் ஊற்றினால் அரை மணியில் செத்துவிடும்.

கொட்ட முடியாத சின்னச் சின்ன இடங்களுக்குக் கைவைத்தியம் போதும். எறும்புக் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி கல்லுப்பு. மணி பிளான்ட்டை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், அல்லது வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி வேரையும் அலசுங்கள். பூந்தொட்டித் தட்டில் மணல் நிரப்பினால் செடிக்கு ஈரமும் இருக்கும், தண்ணீரும் நிற்காது. மூங்கில் குத்து வெட்டிய இடத்திலும் மரப்பொந்திலும் மண்ணைப் போட்டு அடைக்கலாம். ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாதவர்கள் குழியில் மணல் கொட்டிவிடலாம். அதில் மறுபடி அரைக்கப் போகிறோமா என்ன?

படி 3: மூடுவது

மூடி இருக்கிறது என்பது வேறு, மூடியிருக்கிறது என்பது வேறு. சம்ப் மூடியில் தூக்குவதற்கென்று விட்ட இரண்டு ஓட்டை, மோட்டார் குழாய் நுழையும் இடத்துச் சந்து, மேல்நிலைத் தொட்டி மூடியின் உடைந்த விளிம்பு என விரல் நுழையும் எந்த வழியிலும் கொசு நுழையும். குழாய்ச் சந்தைச் சிமெண்டால் பூசுங்கள். தூக்கும் ஓட்டையை ரப்பர் அடைப்பானால் அடையுங்கள். மூடிக்கும் தொட்டி வாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை வைத்தால் நன்றாகப் பொருந்தும்.

வழிதல் குழாயின் வாயிலும், செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் உச்சியிலும் நைலான் வலையைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். வலைக் கண் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாதாரண ஜன்னல் கொசு வலையே போதும். இந்தக் காற்றுக் குழாய் ஒன்றைக் கட்டினால் கிடைக்கும் பலன் நம்ப முடியாதது. ஒரு செப்டிக் டேங்கிலிருந்து இரவில் ஆயிரக்கணக்கில் கியூலெக்ஸ் வெளியேறும் வழியே அதுதான். செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்ய நேரம் இருப்பவர்கள் இதைச் செய்யட்டும். வெயிலில் நைலான் நொறுங்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை வலையை மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. செப்டிக் டேங்கைத் திறந்து பார்ப்பதற்கோ சுத்தம் செய்வதற்கோ யாரையும் உள்ளே இறக்காதீர்கள். நச்சு வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. லாரி வைத்து உறிஞ்சுவதுதான் வழி. சம்ப்பைக் கழுவ இறங்கும்போதும் மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் நிற்க வேண்டும்.

படி 4: மீன்

மூட முடியாத கிணறு, தோட்டத்துத் தொட்டி, தாமரைத் தொட்டி, கோயில் குளம், நீரூற்று ஆகியவற்றுக்கு மீனைவிட நல்ல காவல் இல்லை. கம்பூசியா, கப்பி என இரண்டு வகை வழக்கத்தில் உள்ளன. கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நன்கு வளர்ந்த ஒரு மீன் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட புழுவைத் தின்னும். கப்பி கொஞ்சம் குறைவாகத் தின்றாலும் அழுக்குத் தண்ணீரைத் தாங்கும், அலங்கார மீன் கடையில் மலிவாகவும் கிடைக்கும். இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடும் இனங்கள் என்பதால் தாமாகவே பெருகிவிடும்.

ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு 5 முதல் 10 மீன் போதும். பிளாஸ்டிக் பையில் வந்த மீனைப் பையோடு அரை மணி நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, வெப்பம் சமமான பிறகு திறந்து விடுங்கள். குளோரின் புதிதாகக் கலந்த தண்ணீரில் விட்டால் செத்து மிதக்கும், ஒரு நாள் பொறுக்க வேண்டும். தொட்டி ஓரங்களில் புல்லும் பாசியும் அடர்ந்திருந்தால் புழு அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதை வாரிக் கொட்டிவிட வேண்டும்.

கம்பூசியாவை ஏரியிலும் ஆற்றிலும் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது நம் ஊர்ச் சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்று, இடத்தையே பிடித்துக்கொள்ளும். இயற்கை நீர்நிலைகளில் ஏற்கெனவே கொசுப்புழு தின்னும் மீன்கள் இருக்கின்றன. தலையில் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளியோடு நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும் சிறு மீனைக் குளக்கரையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அடைபட்ட கிணற்றுக்கும் தொட்டிக்கும் மட்டும் வெளியூர் மீன் போதும்.

படி 5: மருந்து

இப்போது மிஞ்சியிருக்கும் தண்ணீரை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: புழங்கும் சுத்தமான தண்ணீர், ஓடாத சாக்கடை, மூடிய கழிவுக் குழி. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் போட்டால் பயனில்லை, சில சமயம் ஆபத்தும்கூட.

சுத்தமான தண்ணீருக்கு மாநகராட்சிப் பணியாளர்கள் கொண்டுவருவது அபேட் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த டெமிபாஸ். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் என்பதே அளவு, அதைத் தாண்டக் கூடாது. 50 சதவீதத் திரவமென்றால் ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 2 மில்லிலிட்டர். ஒரு சதவீத மணல் குறுணையென்றால் நூறு லிட்டருக்கு 10 கிராம். அடர் திரவத்தை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். அது பூச்சிக்கொல்லி. இரண்டு மில்லிலிட்டரைச் சரியாக அளக்க வீட்டில் கருவியும் இருக்காது, குழந்தை கைக்கு எட்டினால் விபரீதம். பணியாளரை அழைத்து அவரையே ஊற்றச் சொல்லுங்கள். மருந்து வாடை அடிக்கிறது என்று பலர் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வாடை சில நாளில் போய்விடும். குடிக்கவும் சமைக்கவும் வேறு பாத்திரத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, புழங்கும் தொட்டிக்கு மட்டும் ஊற்றச் சொன்னாலும் சரி.

அவரிடம் தொட்டியின் கொள்ளளவைச் சரியாகச் சொல்வது உங்கள் பொறுப்பு. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்கினால் லிட்டர். 6 அடிக்கு 5 அடி சம்ப்பில் 4 அடித் தண்ணீர் நின்றால் 120 கன அடி, அதாவது சுமார் 3,400 லிட்டர். "பெரிய சம்ப்தான்" என்று கையை விரித்துக் காட்டினால் மருந்து கூடும் அல்லது குறையும்.

வீட்டுக்காரர்கள் தாங்களே போடத் தகுந்தது பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் கண்டறியப்பட்டது. கொசுப்புழு இதைத் தின்றதும், அதன் குடலின் காரத்தன்மையில் இதிலுள்ள புரதப் படிகம் கரைந்து நஞ்சாகிக் குடலைச் சிதைக்கும். மனிதர் வயிற்றிலும் மீன் வயிற்றிலும் அந்த நிலைமை இல்லை. அதனால் மீன் விட்ட தொட்டியிலும் போடலாம். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் நம் நாட்டு மண்ணில் கிடைத்த வகையிலிருந்தே இத்தகைய மருந்தை உருவாக்கியிருக்கிறது. தூள், திரவம், வில்லை எனப் பல வடிவில் வருகிறது. அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால் உறையில் உள்ளதையே பின்பற்றுங்கள். குடிநீருக்கு ஏற்றதா என்றும் அதிலேயே பாருங்கள். ஒரு நாளில் புழு சாகும். ஒன்று இரண்டு வாரத்தில் வீரியம் போய்விடும். நேர் வெயில் படும் இடத்தில் இன்னும் சீக்கிரம் போகும்.

சில இடங்களில் பைரிப்ராக்ஸிஃபென் என்ற வளர்ச்சித் தடுப்பு மருந்து போடுவார்கள். இது புழுவைக் கொல்லாது, கூட்டுப்புழு கொசுவாக மாறுவதைத் தடுக்கும். போட்ட மறுநாள் புழு நெளிவதைப் பார்த்து மருந்து போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஓடாத சாக்கடைக்கு முதல் மருந்து மண்வெட்டி. அடைப்பை எடுத்து ஓட விட்டால் கொசு முட்டையிடாது, இட்டாலும் அடித்துக்கொண்டு போய்விடும். முடியாதபோது கொசுப்புழு ஒழிப்பு எண்ணெய் தெளிப்பார்கள். கால்வாய் நீளத்தில் ஒரு மீட்டருக்கு 20 மில்லிலிட்டர், வாரம் ஒருமுறை. எண்ணெய்ப் படலம் புழுவின் மூச்சுக் குழாயை அடைப்பதால் கூட்டுப்புழுவும் சாகும், மருந்துகளிடம் இல்லாத பலம் இது. ஆனால் குப்பையும் ஆகாயத்தாமரையும் மிதக்கும் இடத்தில் படலம் விரியாது. வாரிய பிறகே தெளிக்க வேண்டும். மரத்தூளைச் சாக்கில் கட்டிப் பழைய இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் போடும் ஆயில் பந்து பல ஊராட்சிகளில் பிரபலம். கழிவுநீர்க் குட்டைக்கு வேறு வழியே இல்லையென்றால் சரி. கிணற்றுக்குப் பக்கத்திலும், ஏரிக்குப் போகும் வாய்க்காலிலும், கால்நடை இறங்கும் இடத்திலும் போடக் கூடாது. அந்த ஆயிலில் உள்ள உலோகங்கள் நிலத்தடி நீருக்கு இறங்கும்.

மூடிய கழிவுக் குழிக்கும் உறிஞ்சு குழிக்கும் பாழுங் கிணற்றுக்கும் ஒரு எளிய வழி இருக்கிறது: தெர்மாகோல் மணிகள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவு மணிகளை நீர்ப்பரப்பு முழுக்க ஓரிரு சென்டிமீட்டர் கனத்துக்கு மிதக்க விட்டால் புழுவுக்கு மூச்சு விட வழியில்லை, கொசுவுக்கு முட்டையிட இடமில்லை. மணிகள் மக்காது, எனவே பல ஆண்டுகள் வேலை செய்யும். யானைக்கால் நோய்த் தடுப்பு ஆய்வின் பகுதியாகத் திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் கழிவுக் குழிகளில் இதைப் போட்டு, மாத்திரையோடு சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை மட்டும் தந்த ஊர்களைவிட அங்கே பலன் கூடுதல். மழையில் வழியும் குழிக்கும் திறந்த சாக்கடைக்கும் இது ஆகாது. மணிகள் அடித்துக்கொண்டு போய் வேறெங்கோ அடைக்கும். டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலை உடைத்துப் போடுவதும் வேலைக்கு உதவாது, துண்டுகளுக்கு நடுவே சந்து விழும்.

போடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். குடிநீரில் கிருமி நீக்கப் போடும் அளவு குளோரினுக்குக் கொசுப்புழு சாகாது. மண்ணெண்ணெய் முன்னொரு காலத்து வழக்கம், இன்று அதற்குத் தேவையில்லை. பினாயில் ஊற்றினால் மணம் வரும், அவ்வளவுதான். சோப்புத் தண்ணீரும் சமையல் எண்ணெயும் வாளி அளவுத் தண்ணீரில் புழுவை மூழ்கடிக்கும் என்பது உண்மையே. ஆனால் சோப்பு கரைக்க எட்டும் வாளியைக் கவிழ்க்கவும் எட்டுமே!

வயலும் காலி மனையும்

நெல் வயலில் பெருகும் கியூலெக்ஸ் வகை ஒன்று ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும். கடலூர், விழுப்புரம் பக்கத்தில் இது பழைய தொல்லை. அங்கே மருந்து தெளிப்பதைவிடக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் பாய்ச்சுவதே சிறந்தது. சில நாளுக்கு ஒருமுறை வயல் காய்ந்தால் புழு தப்பாது, தண்ணீரும் மிச்சம். மதுரை ஆய்வாளர்கள் வேப்பம் புண்ணாக்கு கலந்த யூரியாவை வயலில் இட்டும் புழு குறைவதைக் கண்டிருக்கிறார்கள். பன்றித் தொழுவம் குடியிருப்பிலிருந்து தள்ளி இருப்பது முக்கியம், அந்தக் கிருமி பன்றியில் வேகமாகப் பெருகும்.

காலி மனைத் தண்ணீர் வேறு மாதிரிப் பிரச்சினை. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், தண்ணீர் நம் சுவரோரம் நிற்கும். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு உற்பத்திக்குத் தனி அத்தியாயம் உண்டு. நோட்டீஸ் தரவும் நடவடிக்கை எடுக்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்கிறது. சென்னையில் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதியலாம். மற்ற ஊர்களில் சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். புழு நெளியும் டம்ளரின் வீடியோவைச் சேர்த்து அனுப்பினால் பதில் வேகமாக வரும். அதுவரை மனையிலிருந்து தெருவடிகாலுக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட முடிந்தால் அதுவே பெரிய உதவி.

படி 6: மறுபடி பார்ப்பது

மருந்து போட்டு இரண்டு நாள் கழித்து, அதே மக்கால் அதே தொட்டியில் ஐந்து இடத்தில் மொண்டு பாருங்கள். சின்னப் புழு ஒன்றும் இல்லாமல் கூட்டுப்புழு மட்டும் இருந்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்று பொருள். மிஞ்சிய கூட்டுப்புழுவை டீ வடிகட்டியால் அள்ளி வெயிலில் போட்டுவிடுங்கள். சிறிதும் பெரிதுமாகப் புழு இருந்தால் அளவு குறைந்திருக்கும், அல்லது தண்ணீர் தினமும் காலியாகி நிரம்பியதில் மருந்து கரைந்து போயிருக்கும். அப்படிப்பட்ட தொட்டிக்கு மறுபடி மருந்து வேண்டாம், மூடியைத்தான் சரிசெய்ய வேண்டும். அளவும் சரி, தண்ணீரும் மாறவில்லை, ஆனாலும் பெரிய புழுக்கள் சுறுசுறுப்பாக நீந்தினால் அந்தப் பகுதிக் கொசுவுக்கு அந்த மருந்து பழகிப்போயிருக்கக்கூடும். இதைச் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லி, டெமிபாஸுக்குப் பதில் பி.டி.ஐ. போடச் சொல்லிக் கேளுங்கள்.